சிவிலைசேஷன் 6-இல் ஒரு நாகரிகத்துக்குத் தனி முகம் கொடுப்பது எப்படி: சோழர் மோட் வழியாக ஒரு முழு வழிகாட்டி

சிவிலைசேஷன் 6 என்ற கணினி வியூக விளையாட்டில் ஒரு நாகரிகத்தைத் தேர்ந்தெடுத்து வளர்க்க வேண்டும். அதில் ரசிகர்கள் தாங்களே எழுதிச் சேர்ப்பதுதான் மோட். புதிதாக நாகரிக மோட் செய்பவர்களுக்குக் கோப்பு எழுதுவது பெரிய தடையாக இருப்பதில்லை. மாதிரிக் கோப்பைப் பார்த்து யாரும் அதைக் கற்றுக்கொள்ளலாம். சிக்கல் விளையாடும்போதுதான் தெரிகிறது. பெயர் சோழர், கொடி புலி, பின்னணி இசையில் நாதஸ்வரம். ஆனால் விளையாடுகிறவர் ரோமை வைத்து என்ன செய்வாரோ அதையேதான் இங்கும் செய்கிறார். கூடவே எங்கோ பத்து சதவீதம் கூடுதல்.

காரணம் வேலையின் வரிசை. முதலில் எண்ணை முடிவு செய்து, பிறகு அதற்கொரு பண்பாட்டுப் பெயர் தேடுகிறார்கள். கீழே உள்ள வரிசை அதற்கு நேர் எதிரானது: எண் ஏழாம் படியில்தான் வருகிறது. உதாரணம் முழுவதும் ராஜேந்திர சோழன் காலச் சோழர்கள். 7-ஆம் பாகத்தில் சோழர்கள் அதிகாரபூர்வமாகவே இருக்கிறார்கள். 6-இல் இந்தியா என்ற ஒரே பெயர்தான். அதன் தலைவர்கள் காந்தியும் சந்திரகுப்த மௌரியரும். அந்த இடைவெளியை நிரப்பத்தான் இந்த மோட்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

விளையாட்டோடு ரைஸ் அண்ட் ஃபால், கேதரிங் ஸ்டார்ம் என்ற இரண்டு விரிவாக்கங்களும் வேண்டும். அவை இல்லாமல் எழுதினால் லாயல்டி (நகரங்களின் விசுவாசம்), ஆளுநர்கள், வறட்சி, வெள்ளம் ஆகியவற்றோடு உங்கள் நாகரிகம் எப்படி உரசும் என்று சோதிக்கவே முடியாது.

ஸ்டீமில் ‘டூல்ஸ்’ பகுதியில் டெவலப்மென்ட் டூல்ஸ் தொகுப்பு இருக்கிறது. அதில் மோட் கோப்புகளை எழுத மோட்பட்டி, ஓடும் ஆட்டத்தைச் சோதிக்க ஃபயர்டியூனர் என்ற இரண்டும் பயன்படும். அது இல்லாவிட்டாலும் ஒரு நல்ல உரைத் திருத்தி போதும். கோப்புகள் எல்லாம் எக்ஸ்எம்எல் அல்லது எஸ்க்யூஎல்தான்.

மூன்றாவது தேவையைத்தான் எல்லோரும் தாண்டிவிடுகிறார்கள்: எகிப்து, மாலி, மாவோரி மூன்றையும் நூறு சுற்றுகளாவது ஆடிப் பாருங்கள். எகிப்தின் திறன் ஆற்றோரக் கட்டுமானத்துக்கு 15 சதவீத வேகம். நல்ல திறன், ஆனால் ஆட்டத்தின் போக்கை மாற்றாது. மாலியின் சுரங்கம் உற்பத்தியைக் குறைத்துத் தங்கத்தைக் கூட்டும். கட்டுவதை விட்டுவிட்டு வாங்கத் தொடங்குவீர்கள். மாவோரி நடுக்கடலில் தொடங்குகிறது. எங்கே குடியேறுவது என்பதே முதல் கேள்வியாகிவிடுகிறது. இந்த மூன்றுக்கும் உள்ள வேறுபாட்டைக் கைவிரல் உணர்ந்த பிறகு வடிவமைக்க உட்காருங்கள்.

1. இனத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள், காலத்தைத் தேர்ந்தெடுங்கள்

‘சோழர்’ என்று மட்டும் வைத்துக்கொண்டால் கரிகாலனின் கல்லணையும், முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டும், ராஜேந்திரனின் கடற்படையும் ஒரே பையில் விழும். நடுவில் பல நூற்றாண்டுகள். எல்லாவற்றையும் சேர்த்தால் எதுவுமே கூர்மையாக வராது.

நான் வைத்துக்கொண்ட எல்லை 985 முதல் 1044 வரை: முதலாம் ராஜராஜன், முதலாம் ராஜேந்திரன். தஞ்சைப் பெரிய கோயில் 1010-இல் முடிகிறது. 1025-இல் கடாரப் படையெடுப்பு. இதற்கு வெளியே இருந்து எதையாவது எடுத்தால், அது இந்தக் காலத்திலும் தொடர்ந்ததா என்று பார்த்தே எடுக்க வேண்டும்.

ஒரு தொழில்நுட்ப எச்சரிக்கையும் உண்டு. 7-ஆம் பாகத்தில் ஆட்டம் யுகங்களாகப் பிரிக்கப்பட்டிருப்பதால் சோழர்கள் ஒரு யுகத்துக்கு மட்டும் வந்தால் போதும். 6-இல் உங்கள் நாகரிகம் கி.மு. 4000-இல் தொடங்கி விண்கலம் ஏவும் வரை உயிரோடு இருக்கும். ஆகவே காலம் குறுகியதாக இருந்தாலும், அதிலிருந்து எடுக்கும் பழக்கம் எல்லாக் காலத்திலும் பயன் தர வேண்டும். ஆறாம் படியில் இதற்குத் திரும்புவோம்.

2. பெயரடைகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, பழக்கங்களை எழுதுங்கள்

‘வீரம் மிக்கவர்கள்’, ‘கலையை வளர்த்தவர்கள்’, ‘கடலை ஆண்டவர்கள்’ என்று எழுதினால் அதிலிருந்து விளையாட்டு விதி எதுவும் பிறக்காது. யார், எதைக் கொண்டு, என்ன செய்தார், பதிலுக்கு என்ன கிடைத்தது என்று முழு வாக்கியமாக எழுதுங்கள். இருபது வாக்கியங்கள் வரட்டும்.

என் பட்டியலில் தேறிய சில:

கோயிலில் ஒரு நந்தா விளக்கு (அணையா விளக்கு) எரிய ஒருவர் 90 அல்லது 96 ஆடுகளைத் தானமாகக் கொடுத்தார். ஆடுகளைப் பெற்ற இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு செத்தாலும் கிழடானாலும் மந்தையின் எண்ணிக்கை குறையக் கூடாது. அதனால் கல்வெட்டுகளில் அவற்றுக்கு ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர்.

தஞ்சைக் கோயிலுக்கு வந்த பணம் ஊர்ச் சபைகளுக்குக் கடனாகப் போனது. ஆண்டுக்கு எட்டில் ஒரு பங்கு, அதாவது 12.5 சதவீதம், பொலிசை என்ற வட்டியாகக் கோயிலுக்குத் திரும்பியது.

மேல் ஏரி நிரம்பினால் உபரி நீர் கீழ் ஏரிக்குப் போனது. அதைப் பார்த்துக்கொள்ள ஊரில் ஏரி வாரியம் இருந்தது.

ஐந்நூற்றுவர் போன்ற வணிகக் குழுக்கள் தங்களுக்கென்று காவல் படை வைத்துக்கொண்டு கடல் கடந்தும் வணிகம் செய்தன. சுமத்ராவின் பாருஸ் பகுதியில் அவர்களுடைய 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது.

ராஜேந்திரனின் கப்பல்கள் சுமத்ராவை மையமாகக் கொண்ட ஸ்ரீவிஜய அரசின் துறைமுகங்களைத் தாக்கின. ஆனால் அங்கே நிலையான மாகாண ஆட்சி ஏற்படவில்லை.

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு சோதனை: ‘சோழர்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘பாரசீகர்’ என்று போட்டுப் படியுங்கள். வாக்கியம் அப்படியே நின்றால் அடித்துவிடுங்கள். ‘பெரிய கோயில்களைக் கட்டினார்கள்’ என்ற வரி இந்தச் சோதனையில் போய்விட்டது. உலகில் கோயில் கட்டாதவர் யார்?

இந்தப் படியில் அதிகம் நடக்கும் தவறு, மன்னரின் மெய்க்கீர்த்தியை மட்டும் நம்பி எழுதுவது. அது அரசன் தன்னைப் பற்றி வெட்டிவைத்தது. தானக் கல்வெட்டுகள், ஊர்ச் சபைத் தீர்மானங்கள் ஆகியவற்றில்தான் மக்கள் தினமும் செய்த காரியங்கள் இருக்கின்றன. விளையாட்டு விதிக்கு வேண்டியவை அவைதாம்.

3. பழக்கத்தை முடிவாக மாற்றுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் படிக்க நேரம் இருந்தால், இதைப் படியுங்கள்.

ஒரு பண்புக்கூறு உயிரோடு இருக்கிறதா என்று அறிய ஒரு கேள்வி போதும்: இது இருப்பதால் விளையாடுபவர் எந்தச் சுற்றில் எதை வேறு விதமாகச் செய்வார்? ‘எதையும் இல்லை, ஆனால் வருமானம் கூடும்’ என்று பதில் வந்தால் அது போனஸ் மட்டுமே.

ஆட்டுத் தானத்தை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலானோர் முதலில் எழுதுவது ‘மேய்ச்சல் நிலம் ஒவ்வொன்றுக்கும் 1 ஃபெய்த்’. (ஃபெய்த் என்பது ஆட்டத்தில் சேரும் சமயப் புள்ளி.) இதில் முடிவு எதுவும் இல்லை. மேய்ச்சல் நிலத்தை எப்படியும் போடத்தான் போகிறார். ஃபெய்த் தானாக வரும்.

அடுத்த வடிவம்: ‘ஹோலி சைட்டுக்கு அடுத்த கட்டத்தில் உள்ள மேய்ச்சல் நிலத்துக்கு மட்டும் ஃபெய்த்’. ஹோலி சைட் என்பது நகரத்தில் கட்டும் சமய மாவட்டம்; கட்டம் என்பது வரைபடத்தின் ஓர் அறுகோணம். இப்போது இடம் பற்றிய கேள்வி வந்துவிட்டது. எல்லா நாகரிகங்களும் ஹோலி சைட்டை மலையோரம் வைக்கத் தேடும், ஏனென்றால் பக்கத்துக் கட்டத்தில் மலை இருந்தால் அதற்குக் கூடுதல் ஃபெய்த் (பக்கத்துக் கட்ட போனஸ்) உண்டு. சோழர் மட்டும் மந்தை மேயும் இடத்தைத் தேடுவார். வரைபடத்தைப் பார்க்கும் பார்வையே மாறுகிறது.

மூன்றாவது வடிவம்: ‘அந்த மேய்ச்சல் நிலம் 1 உற்பத்தியை இழந்து, 2 ஃபெய்த்தும் 1 தங்கமும் பெறும்’. இப்போது இழப்பும் இருக்கிறது. கொடுத்த ஆடு கொடுத்ததுதான். அது இனி கோயிலுடையது. தொடக்கச் சுற்றுகளில் ஒரு உற்பத்தி என்பது பெரிய விஷயம், ஆகவே முதல் நகரத்திலேயே இதைச் செய்வதா, இரண்டாவது நகரத்துக்குக் காத்திருப்பதா என்று யோசிக்க வேண்டியிருக்கும். நான் இந்த வடிவத்தில் நிறுத்திக்கொண்டேன்.

எல்லாப் பழக்கமும் நல்ல முடிவாக மாறாது என்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். உத்திரமேரூரின் 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் சொல்லும் குடவோலை முறை ஆசையைத் தூண்டும்: முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் மீண்டும் வர முடியாது, கணக்குக் காட்டாதவர் தகுதி இழப்பார். இதை ‘ஆளுநர் ஒரு நகரத்தில் சில சுற்றுகளுக்கு மேல் இருந்தால் பலன் குறையும்’ என்று மாற்றலாம். தாளில் அழகாக இருக்கும். ஆட்டத்திலோ ஆளுநர்களைச் சுற்றிச் சுற்றி மாற்றிக்கொண்டே இருக்கும் வேலைதான் மிஞ்சும். யோசனை தேவைப்படாத கிளிக்குகள். எவ்வளவு பெருமைக்குரிய செய்தியாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். மேலும் அது ஒரு பிராமணச் சபைக்கான தேர்வு முறை. நிலமும் வேதக் கல்வியும் தகுதிகளாக இருந்தன. ‘எல்லோருக்குமான ஜனநாயகம்’ என்று திறனுக்கு விளக்கம் எழுதியிருந்தால் அது பொய்யாகியிருக்கும்.

4. ஏற்கெனவே யாரிடமாவது இருக்கிறதா என்று பாருங்கள்

இதை மூன்றாம் படிக்கு முன் செய்யாதீர்கள். முதலிலேயே செய்தால் மற்றவர்களின் திறன்கள் மனத்தில் உட்கார்ந்துகொண்டு, உங்கள் பட்டியலையே வளைத்துவிடும்.

என் பட்டியலில் மூன்று மோதல்கள் வந்தன. முதலாவது ஏரி. இந்தியாவுக்குப் படிக்கிணறு இருக்கிறது: உணவு, குடியிருப்பு, ஹோலி சைட் அருகே ஃபெய்த். ஏரியையும் அதே போல எழுதினால் பெயர் மாற்றம்தான். ஆனால் படிக்கிணற்றுக்கு ஒரு விதி உண்டு: இரண்டு படிக்கிணறுகள் அடுத்தடுத்து வரக் கூடாது. ஏரியோ தொடராக இருந்தால்தான் ஏரி. ஆகவே ஏரிக்கு நேர்மாறான விதி கொடுத்தேன்: பக்கத்தில் ஏரிகள் இருந்தால் உணவு கூடும். இரண்டும் தண்ணீர் சேமிப்பவைதாம், ஆனால் வரைபடத்தில் ஒன்று சிதறும், மற்றொன்று வரிசையாக ஓடும். வரலாறும் அதுவே.

இரண்டாவது கடல் தாக்குதல். கரையோரக் கொள்ளையை நார்வே ஏற்கெனவே எடுத்துக்கொண்டது. மூன்றாவது கடல் வணிகம். போர்ச்சுகலின் வணிகப் பாதைகள் கரையோர நகரங்களுக்கு மட்டும் போய்க் கொழுத்த லாபம் தருகின்றன. இந்த இரண்டில் எதைத் தொட்டாலும் நகலாகிவிடும். வழி எங்கே கிடைத்தது என்றால், இரண்டையும் இணைக்கும் இடத்தில்: வேறு கண்டத்து நகரங்களுக்குப் போகும் ஒவ்வொரு வணிகப் பாதையும் கப்பல் கட்டும் வேகத்தைக் கூட்டும். இதை ராஜேந்திரனின் தலைவர் திறனாக வைத்தேன்.

இதில் ஓர் எதிர்பாராத நன்மை வந்தது. போர் அறிவித்தால் அந்த நாட்டோடுள்ள வணிகப் பாதைகள் அறுந்துவிடும். ஆகவே அமைதிக் காலத்தில் வணிகத்தால் கப்பல்களைச் சேர்த்து, ஒரே அடியாக அடித்துவிட்டு, சீக்கிரம் சமாதானம் செய்துகொண்டு மீண்டும் வணிகத்துக்குத் திரும்புவதுதான் லாபம். 1025-இல் நடந்ததும் ஏறத்தாழ இந்த வடிவம்தான். ‘படையெடுத்துத் திரும்புங்கள்’ என்று எங்கும் எழுதவில்லை. விதியே அங்கு கொண்டுபோய்விடுகிறது.

5. விலை வையுங்கள்

நினைவில் நிற்கும் நாகரிகங்களைப் பாருங்கள். பாபிலோன் ஒரு யுரேகா (குறிப்பிட்ட ஒரு செயலைச் செய்ததும் ஆராய்ச்சிக்குக் கிடைக்கும் ஊக்கம்) கிடைத்த உடன் முழுத் தொழில்நுட்பத்தையும் பெறுகிறது. பதிலுக்கு அறிவியல் வருமானம் பாதி. கோங்கோவின் தலைவர் முவெம்பா ஒரு மதத்தைத் தோற்றுவிக்கவே முடியாது. மற்றவர் மதத்தின் பலனைப் பெறுகிறார். ‘கால்’ (Gaul) நாகரிகத்தின் மாவட்டங்கள் நகர மையத்தை ஒட்டி வரக் கூடாது. குறைதான் அவற்றுக்கு முகம் தருகிறது.

புதியவர்கள் விலை வைக்கத் தயங்குகிறார்கள். சொந்த வரலாறு என்றால் தயக்கம் இன்னும் கூடும். சோழருக்குக் குறையா என்று கை நடுங்கும். விலை இல்லாத திறனைக் கவனிக்கவே தேவையில்லை என்பதால்தான் அது மறந்துபோகிறது.

ஆனால் விலை பழக்கத்திலிருந்தே வர வேண்டும். ஆட்டுத் தானத்தில் உற்பத்தி இழப்பு இயல்பாக வந்தது. தலைவர் திறனில் போர் வந்தால் கப்பல் கட்டும் வேகம் விழுவது இயல்பாக வந்தது. சமநிலைக்காக எங்கிருந்தோ ‘குதிரைப்படைக்கு 20 சதவீதம் கூடுதல் செலவு’ என்று ஒட்டினால், அது தண்டனையாகத்தான் உணரப்படும்.

6. ஆட்டத்தின் நீளத்துக்குப் பரப்புங்கள்

வழக்கமான நாகரிகத்துக்கு நான்கு பகுதிகள்: நாகரிகத் திறன், தலைவர் திறன், ஒரு தனிப் படை, ஒரு தனிக் கட்டுமானம். சிலருக்கு ஐந்து உண்டு. நான்கில் நில்லுங்கள்.

நான்கும் ஒரே காலத்தில் திறந்தால் அதற்கு முன்னும் பின்னும் நாகரிகம் முகமில்லாமல் இருக்கும். சோழர் மோட்களில் இது அடிக்கடி நடக்கிறது. எல்லாவற்றையும் இடைக்காலத்தில் குவித்துவிடுகிறார்கள், ஏனென்றால் வரலாற்றில் அவர்கள் இடைக்காலத்தில் இருந்தார்கள். நான் பிரித்த விதம்: மேய்ச்சல் நிலத் திறன் முதல் ஹோலி சைட்டிலிருந்து; ஏரி நீர்ப்பாசனத் தொழில்நுட்பத்தோடு; கப்பல் இடைக்காலத்தில்; தலைவர் திறன் வணிகப் பாதைகள் கண்டம் தாண்டத் தொடங்கும்போது.

கப்பல் பற்றி ஒரு சொல். இந்த விளையாட்டில் இடைக்காலத்துக்கென்று பொதுவான போர்க்கப்பல் கிடையாது. தொடக்கக் காலக் ‘கேலி’ (galley) கப்பலுக்கும் வெகு பின்னால் வரும் ‘கேரவெல்’ கப்பலுக்கும் இடையில் நீண்ட வெற்றிடம். அங்கே வேறெந்தக் கப்பலுக்கும் பதிலாக வராத புதிய கப்பலாக வைத்து, ‘நேவல் டிரடிஷன்’ குடிமையியலோடு திறக்கச் செய்தால், உலகத்தில் யாரிடமும் ஈடு இல்லாத சில பத்துச் சுற்றுகள் கிடைக்கும். அதனால் வலிமையை அளவோடு வையுங்கள். கூடுதலாக, சொந்த எல்லைக்கு வெளியேயும் அது காயம் ஆற்றிக்கொள்ளட்டும். மற்ற பெரும்பாலான நாகரிகங்களின் கப்பல்களுக்கு அது பதவி உயர்வால்தான் கிடைக்கும். தூரக் கடலுக்குப் போகும் படைக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை.

7. இப்போதுதான் எண்கள்

முதலில் சாதாரண அளவை எழுதிக்கொள்ளுங்கள்: ஒரு பண்ணை 1 உணவு, ஒரு மேய்ச்சல் நிலம் 1 உற்பத்தி, ஹோலி சைட்டுக்கு ஒரு மலை 1 ஃபெய்த். உங்கள் எண் இவற்றைவிட எத்தனை மடங்கு என்று கேளுங்கள்.

சதவீதத்தைத் தவிருங்கள். 10 சதவீதம் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாது, கடைசியில் கட்டுக்கு அடங்காது. தட்டையான எண் தொடக்கத்தில் உணரப்படும். ஆட்டம் வளர வளரத் தானாகச் சிறுக்கும்.

அடுத்து, எண் எந்த இடத்தில் தொங்குகிறது என்பது எண்ணைவிட முக்கியம். மேய்ச்சல் நிலத்தின் 2 ஃபெய்த்தை ஹோலி சைட்டின் பக்கத்துக் கட்ட போனஸாக வைத்தால் என்ன ஆகும்? மூன்று மேய்ச்சல் நிலங்களுக்கு 6. ஸ்கிரிப்ச்சர் கொள்கை அட்டை அதை இரட்டிப்பாக்கி 12 ஆக்கும். வொர்க் எதிக் நம்பிக்கை அதே 12-ஐ உற்பத்தியாகவும் தரும். ஆட்டத்தின் அந்தக் கட்டத்தில் ஒரு சாதாரண நகரத்தின் மொத்த உற்பத்தியையே அது விழுங்கிவிடும். விலையாக வைத்த 1 உற்பத்தி வெறும் கேலியாகிவிடும்.

அதே 2 ஃபெய்த்தை மேய்ச்சல் நிலக் கட்டத்தின் விளைச்சலாக வைத்தால் இந்த இரட்டிப்பு எதுவும் தொடாது. மேலும் அந்தக் கட்டத்தில் ஒரு குடிமகன் வேலை செய்தால்தான் பலன். மந்தைக்கு ஓர் இடையர் வேண்டும். வரலாற்றுக்கும் அதுவே சரி.

ஏரிக்கு வேறு பொறி இருக்கிறது. ஒரு கட்டத்துக்கு ஆறு பக்கங்கள். ‘பக்கத்தில் உள்ள ஒவ்வோர் ஏரிக்கும் 1 உணவு’ என்றால் நெருக்கி அடித்தவர் 6 பெறுவார். நகரத்தைச் சுற்றி 36 கட்டங்களிலும் ஏரியாகவே இருக்கும். ‘இரண்டு ஏரிக்கு 1’ என்று வைத்தால் உச்சம் 3. வரிசையாகப் போட்டால் நடுவில் உள்ள ஒவ்வொன்றுக்கும் 1. மலைக்குன்றில் போட முடியாது என்ற தடையும் சேர்த்தால் போதும்.

8. கோப்பில் ஏற்றும் வரிசை

ஒரு வரிசையில் எழுதினால் எதுவும் விட்டுப்போகாது. முதலில் வகைப் பெயர்கள் எல்லாவற்றையும் ‘டைப்ஸ்’ அட்டவணையில் பதியுங்கள். பிறகு ட்ரெய்ட் (திறனின் அடையாளப் பெயர்), பிறகு நாகரிகமும் தலைவரும், பிறகு அவற்றை ட்ரெய்ட்டோடு இணைக்கும் வரிகள், கடைசியாக மாடிஃபயர்களும் (திறனின் விளைவைத் தரும் விதிகள்) அவற்றின் நிபந்தனைகளும். ஒன்றை மேற்கோள் காட்டினால் அது தரவுத்தளத்தில் இருந்தாக வேண்டும்.

மாடிஃபயரை வெற்றுத் தாளில் எழுதாதீர்கள். விளையாட்டில் ஏற்கெனவே உள்ள நாகரிகங்களில் உங்களுடையதற்கு மிக நெருங்கிய திறனைத் தேடி, அதன் வரிகளைப் படித்து, அதே அமைப்பில் எழுதுங்கள். நெருங்கியது எதுவுமே இல்லை என்றால் லுவா என்ற நிரல்மொழி தேவைப்படும். முதல் மோடில் அதற்குப் போகாமல் திறனை எளிமையாக்குவது நல்லது.

ஒரு திறனை எழுதியதும் விளையாட்டைத் திறந்து பாருங்கள். நான்கையும் எழுதிவிட்டுத் திறந்தால் எது உடைந்தது என்று தேடுவதிலேயே மாலை போய்விடும். ‘லாக்ஸ்’ கோப்புறையில் டேட்டாபேஸ், மாடிங் என்ற இரண்டு பதிவுகளையும் ஒவ்வொரு முறையும் படியுங்கள்.

திரும்பத் திரும்ப வரும் பிழைகள்:

நாகரிகம் தேர்வுப் பட்டியலிலேயே வரவில்லை. ஆட்டத்துக்குள் செல்லும் கோப்புகளை மட்டும் இணைத்து, ஃப்ரன்ட் எண்டுக்கான (ஆட்டம் தொடங்கும் முன் வரும் திரைகளுக்கான) கோப்பை விட்டிருப்பீர்கள். இரண்டும் தனித்தனித் தரவுத்தளங்கள்.

உங்கள் தனிக் கப்பலை எல்லா நாடுகளும் கட்டுகின்றன. படையின் வரியில் ட்ரெய்ட் பெயர் விட்டுப்போயிருக்கும். ட்ரெய்ட் இல்லாத படை பொதுச் சொத்து. ஹோலி சைட்டின் போனஸ் அட்டவணையில் நேரடியாகக் கை வைத்தாலும் இதே கதைதான்: உலகமே ஆட்டுத் தானம் செய்யும்.

மாற்றம் தெரியவில்லை. பழைய சேமிப்பைத் திறந்திருப்பீர்கள். ஒவ்வொரு சோதனைக்கும் புதிய ஆட்டம் தொடங்குங்கள்.

9. தொடங்கும் இடமும் கணினியின் புத்தியும்

மேய்ச்சல் நிலத்தை நம்பும் நாகரிகம் பனிப்பாலையில் பிறந்தால் எல்லா உழைப்பும் வீண். தொடக்கச் சாய்வு அட்டவணையில் 1 மிக வலுவானது, 5 மென்மையானது. கடற்கரைக்கும் ஆடு, மாடு உள்ள இடங்களுக்கும் 3-ஐ ஒட்டி வைத்தேன். எல்லாவற்றுக்கும் 1 போட்டால் வரைபடம் இழுபட்டு, அண்டை நாட்டவரின் தொடக்க இடங்களும் கெடும்.

கணினி ஆடும் சோழர், நீங்கள் நினைத்த நுட்பம் எதையும் செய்யாது. ஹோலி சைட், துறைமுகம், வணிகர் ஆகியவற்றை அதன் விருப்பப் பட்டியலில் ஏற்றிவிட்டு, ஃபயர்டியூனரில் தானாக ஆட விட்டுப் பாருங்கள். நூறு சுற்றுக்குப் பின் ஓர் ஏரிகூட இல்லை என்றால் ஏரியின் விதி மிகச் சிக்கலானது என்று பொருள்.

10. பெயர், உரை, பிம்பம்

இது கடைசியில் வர வேண்டிய வேலை, ஏனென்றால் திறன் மாறினால் பெயரும் மாறும். விளையாட்டில் தமிழ் மொழி இல்லாததால் ஊர்ப் பெயர்களை ரோமன் எழுத்தில்தான் தர வேண்டும். உறையூர், பழையாறை, நாகப்பட்டினம் எல்லாவற்றுக்கும் ஒரே எழுத்துக்கூட்டு முறையை முடிவு செய்து, மாறாமல் பின்பற்றுங்கள். தலைவர் ராஜேந்திரன் என்பதால் தலைநகர் கங்கைகொண்ட சோழபுரம். நீளமான பெயர்தான், நகரப் பட்டையில் எப்படித் தெரிகிறது என்று பார்த்துவிடுங்கள். இந்தியாவின் நகரப் பட்டியலோடு மோதுகிறதா என்பதையும் பாருங்கள்.

திறன் விளக்கத்தில் முதல் வரி விதியைச் சொல்லட்டும். கல்வெட்டுக் கதை கலைக்களஞ்சியப் பக்கத்துக்குப் போகட்டும். அங்கே எழுதும்போது எதிர்ப்பக்கத்தையும் நினைவில் வையுங்கள்: இலங்கையின் அநுராதபுரத்தில் இருப்பவருக்குச் சோழர் வெற்றி கொண்டாட்டமல்ல. 2018-இல் கனடாவின் பழங்குடியினரான க்ரீ மக்களை விளையாட்டில் சேர்த்தபோது, பவுண்ட்மேக்கர் க்ரீ நேஷனின் தலைவர்களில் ஒருவர் வெளிப்படையாகவே எதிர்த்தார். பிறர் நிலத்தைப் பிடிக்கும் நோக்கத்தைத் தங்கள் மக்கள் மீது ஏற்றுகிறது என்பது அவருடைய வாதம். 7-ஆம் பாகத்தில் அமெரிக்கப் பழங்குடியினரான ஷானி மக்களைச் சேர்த்தபோது அந்தச் சமூகத்தோடு சேர்ந்தே வேலை நடந்தது. தனி மோட் செய்பவருக்கு அவ்வளவு வசதி இல்லை. ஆனால் வெளியிடும் முன் இலங்கை நண்பர் ஒருவரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டுவது யாராலும் முடியும்.

11. சோதனை: பெயரை மறைத்துக் கொடுங்கள்

நாகரிகத்தின் பெயர், கொடி, நகரப் பெயர்கள் எல்லாவற்றையும் அகற்றிய பிரதி ஒன்றைத் தயார் செய்து, விளையாட்டு தெரிந்த நண்பரிடம் கொடுங்கள். திறன் விளக்கம் மட்டும் இருக்கட்டும். அறுபது சுற்றுகள் ஆடும் வரை வாய் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அவர் எதைச் சொல்கிறார் என்பதைவிட எங்கே தயங்குகிறார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஹோலி சைட்டை எங்கே வைப்பது என்று சுட்டியை அங்குமிங்கும் நகர்த்தினால் அந்தத் திறன் வேலை செய்கிறது. யோசிக்காமல் வைத்தால் வேலை செய்யவில்லை.

ஆடி முடித்த பின் ஒரே கேள்வி: நான்கில் எது இல்லாமல் போயிருந்தால் கவனித்திருக்க மாட்டீர்கள்? அவர் சொல்வதை எண்ணைக் கூட்டிச் சரிசெய்ய முயலாதீர்கள். அதை எடுத்துவிட்டு இரண்டாம் படியின் பட்டியலுக்குப் போய் வேறொரு வாக்கியத்தை எடுங்கள். என் பட்டியலில் கோயில் கடனும் எட்டில் ஒரு பங்குப் பொலிசையும் இன்னும் பயன்படுத்தப்படாமல் இருக்கின்றன. கப்பல் தேறாவிட்டால் அதன் இடத்துக்கு அதுதான் அடுத்த வேட்பாளர்.